காலுக்கு ஒரு டாப்ளர் ஸ்கேன்

"காலுக்கு டாப்ளர் ஸ்கேன் எடுத்துட்டு வாங்க" என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததும் பலருக்குப் பயம் வந்துவிடுகிறது. ஊசி போடுவார்களோ? ஊசி இல்லை. கதிர்வீச்சும் இல்லை. கர்ப்பிணிக்கு வயிற்றில் வைத்துப் பார்க்கிறார்களே, அதே ஒலி அலைதான்.

எதிரே வரும் பஸ்ஸின் ஹாரன் கீச்சென்று கேட்கும். பஸ் நம்மைத் தாண்டியதும் அதே ஹாரன் சுருதி இறங்கிவிடும். அலைகளில் நேரும் இந்த மாற்றத்தை 1842-இல் விளக்கியவர் ஆஸ்திரியாவைச் சேர்ந்த டாப்ளர். ஓடுகிற ரத்தத்தையும் இப்படித்தான் கருவி கண்டுபிடிக்கிறது. ஸ்கேன் அறையில் 'உஸ், உஸ்' என்று கேட்டால் பதறாதீர்கள். உங்கள் ரத்த ஓட்டத்தைக் கருவி சத்தமாக மாற்றித் தருகிறது, அவ்வளவுதான்.

ஜெல் தடவி, காலை அங்கங்கே அழுத்துவார்கள். ஏன் அழுத்துகிறார்கள்? தோட்டத்து ரப்பர் குழாயை மிதித்தால் அமுங்கும். உள்ளே மண் அடைத்திருந்தால் அமுங்காது. சிரை என்ற ரத்தக் குழாயும் அப்படித்தான். ரத்தம் உறைந்திருந்தால் அமுங்காது. அழுத்துவதுதான் சோதனை.

இதற்குப் பட்டினி கிடக்க வேண்டாம். வயிற்று ரத்தக் குழாய்க்கு என்றால் மட்டும் சாப்பிடாமல் வரச் சொல்வார்கள். தளர்வான உடை போதும்.

ஒன்றே ஒன்று. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால், எண்ணெய் போட்டு உருவிவிடாதீர்கள். தயவுசெய்து உருவிவிடாதீர்கள். உறைந்த ரத்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சும் வாங்கினால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.