பீரங்கியின் பக்கத்தில் நின்றவர்கள்



எங்கள் ராதாபுரம் வட்டாரத்தில் கால்வாய் மடையைத் திறந்து மூடும் ஊழியரை 'லஸ்கர்' என்று அழைப்பது வழக்கம். இது பாரசீக மொழியிலிருந்து வந்த சொல். அங்கே இதற்குப் 'படை' என்பது பொருள். மடைக்கும் படைக்கும் என்ன உறவு என்று வியக்க வேண்டியதில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் பீரங்கிப் படையில் பீரங்கியை இழுத்தும் தள்ளியும் குண்டு சுமந்தும் உழைத்த நம் நாட்டு மக்களுக்கு வழங்கிய பெயரும் இதுவே. அந்தப் படையின் கதையைத்தான் இன்று சொல்ல எண்ணுகிறேன்.

1748ஆம் ஆண்டில் கம்பெனியார் சென்னையில் முறையான பீரங்கிப் படைப்பிரிவு ஒன்றை ஏற்படுத்தினர். பின்னர் அதன் தலைமையிடம் பரங்கிமலையில் அமைந்தது. பீரங்கி, பரங்கி என்னும் இரு சொற்களும் உறவுடையவை என்று சொல்லாராய்ச்சியாளர் கூறுவதை நினைத்தால், இடம் பொருத்தமாகத்தான் வாய்த்தது! வெடிமருந்து செய்யும் கூடத்தில் இந்தியர் எவரும் காலடி வைக்கலாகாது என்பது கம்பெனியின் தொடக்கக் காலக் கட்டளை. குறி பார்ப்பதும் திரி வைப்பதும் வெள்ளையர் தொழில். சேற்றில் புதைந்த சக்கரத்துக்குத் தோள் கொடுப்பது லஸ்கரின் தொழில்.

1760இல் வந்தவாசியிலும், 1799இல் சீரங்கப்பட்டணத்திலும் சென்னைப் பீரங்கிகள் முழங்கின. அவ்வெற்றிகளை வரலாற்று நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. நெல்லைச் சீமையில் நிகழ்ந்தது வேறு. 1755இல் கர்னல் ஹெரான் நெற்கட்டும்செவல் கோட்டையின் முன் வந்து நின்று, அதைப் பிடிக்காமலேயே திரும்பினார். 1801இல் பாஞ்சாலங்குறிச்சியில் நேர்ந்ததோ இன்னும் வியப்புக்குரியது.

கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்ட பிறகு கோட்டை அழிக்கப்பட்டிருந்தது. 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரை, சில நாட்களிலேயே அதை மீண்டும் எழுப்பிவிட்டார். ஏறத்தாழ 500 அடி நீளம், 300 அடி அகலம், 12 அடி உயரமுள்ள மதில், அனைத்தும் மண். கல்மதில் குண்டு பட்டால் விரிந்து சரியும். பசையுள்ள மண்ணோ குண்டைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும். மார்ச் 31ஆம் நாள் மேஜர் மெக்காலேயின் பீரங்கிகள் மதிலில் ஒரு பிளவை உண்டாக்கின. ஆனால் கொத்தளங்கள் உள்ளே குழிவாக இருந்தன. அதனுள் மறைந்து நின்றவர்கள், பிளவில் ஏறி வந்தவர்களை நீண்ட ஈட்டிகளால் குத்தித் தள்ளினர். தாக்குதல் தோற்றது. கர்னல் அக்னியூ மேலும் வலிய பீரங்கிகளுடன் வந்த பிறகே, மே 24ஆம் நாள் கோட்டை வீழ்ந்தது. அங்கே மாண்ட வெள்ளை அதிகாரிகளுக்குக் கல்லறைகள் உண்டு. அந்தப் பீரங்கிகளை இழுத்து வந்த லஸ்கர்களுக்கென்று ஒரு கல்லையும் நான் கண்டதில்லை. தம் நாட்டு மண்மதிலைத் தகர்க்கத் தம் தோளையே கொடுத்த அவர்களைப் பழிப்பதா, இரங்குவதா? இரங்கவே எனக்குத் தோன்றுகிறது. கூலிக்கு உழைத்தவனிடம் யார் கருத்துக் கேட்டார்கள்?

காலப்போக்கில் இந்தியருக்கும் பீரங்கித் தொழில் கற்பிக்கப்பட்டது. அவ்வாறு பயின்றவர்களைக் 'கோலந்தாஸ்' என்றனர். குண்டெறிபவர் என்பது பொருள். இந்த நம்பிக்கை நெடுநாள் நிலைக்கவில்லை. 1857ஆம் ஆண்டுப் பெருங்கிளர்ச்சியில் சென்னைப் படை பெரும்பாலும் சேரவில்லை. ஆயினும் வடக்கே எழுந்த அச்சத்துக்குத் தெற்கும் விலை கொடுத்தது. சில மலைப் பீரங்கிப் பிரிவுகள் போன்றவை நீங்கலாக, இந்தியர் கையிலிருந்து பீரங்கி பறிக்கப்பட்டது. சென்னைப் பீரங்கிப் படையும் பிரிட்டிஷ் அரசப் பீரங்கிப் படையில் கரைந்தது.

முக்கால் நூற்றாண்டு கழிந்து, 1935 ஜனவரி 15ஆம் நாள், பெங்களூரில் முதல் இந்தியக் களப் பீரங்கிப் படைப்பிரிவு தொடங்கப்பட்டது. அதில் சென்னை மாகாணத்து வீரர்களும் சேர்க்கப்பட்டனர். இப்போது குறி பார்ப்பவரும் அவர்களே, திரி இழுப்பவரும் அவர்களே. இந்திய அதிகாரிகளும் பீரங்கிப் படைக்கு வரத் தொடங்கினர். அவர்களுள் ஒருவர் திருச்செங்கோட்டுப் பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்தில் பிறந்த பி. பி. குமாரமங்கலம்.

1942 மே 27ஆம் நாள் காலையில், லிபியப் பாலைவனத்தில் பீர் ஹக்கீமுக்கு அருகே, 3ஆவது இந்திய மோட்டார் பிரிகேடின் மீது இத்தாலியரின் ஆரியெட்டே டாங்கிப் படை பாய்ந்தது. பிரிகேடுக்குத் துணையாக நின்ற 2ஆவது இந்தியக் களப் பீரங்கி ரெஜிமென்ட் 25 பவுண்டுப் பீரங்கிகளை நேருக்கு நேர் நிறுத்திச் சுட்டது. தொலைவில் மறைந்து நின்று சுடுவதற்கென அமைந்த பீரங்கி அது. கண்ணெதிரே வரும் டாங்கியின் மீது அதைத் திருப்பிச் சுடுவதென்றால், மறைவு என்பதே இல்லை. பல டாங்கிகள் எரிந்தன. இறுதியில் பிரிகேட் நிலைகுலைந்தது. அன்றைய போரில் காட்டிய வீரத்துக்காகக் குமாரமங்கலத்துக்கு டி.எஸ்.ஓ. விருது கிடைத்தது, ஆனால் அவரோ பகைவரிடம் சிறைப்பட்டிருந்தார். இத்தாலியில் தப்பினார், மீண்டும் பிடிபட்டார், ஜெர்மனிக்குக் கொண்டுசெல்லப்பட்டார்.

போர் முடிந்து நாடு திரும்பிய அவர், 1966 ஜூன் மாதம் இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதியாகப் பொறுப்பேற்று, 1969 வரை அப்பதவியில் இருந்தார்.