படிக்க ஓர் அறை

(சங்க வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



விழா அழைப்பிதழில் என் பெயருக்குப் பின்னால் பி.ஏ., பி.எட். என்று அச்சிட்டிருக்கின்றீர்கள். எம்.ஏ. என்பது அங்கே இல்லை. அந்த வகுப்பில் நான் சேராதவனல்லன். சேர்ந்து, இடையில் விட்டவன். படிப்பு வரவில்லை என்று விட்டதாக எவரும் சொல்லார். தங்கிப் படிக்க ஓர் இடம் கிட்டாமையால் விட்டேன். கல்விக்கென்றே கண்ட சங்கத்தின் விழாவில் அதைப் பற்றிப் பேசுவதே முறை என்று கருதினேன்.

1989ஆம் ஆண்டு புதுக்கோட்டையில் பி.ஏ. முடித்துத் திருச்சியில் எம்.ஏ. சேர்ந்தேன். விடுதியில் இடம் உறுதியாகச் சில மாதங்கள் ஆகும் என்றார்கள். எனவே வாடகைக்கு அறை தேடினேன். ஓரிடத்தில் மாடியில் சிறு அறை. காற்றோட்டம் உண்டு, சந்தடி இல்லை, வாடகையும் என் கைக்கு எட்டியது. முன்பணத்தில் ஒரு பகுதியைக் கொடுத்துவிட்டுப் படியிறங்குகையில் அந்த வீட்டு அம்மையார் அன்பாகவே கேட்டார்: “தம்பிக்கு எந்த ஊர்?” சொன்னேன். “ஊரிலே எந்தத் தெரு?” அதையும் சொன்னேன். மறுநாள் பெட்டியுடன் சென்றபோது முன்பணம் என் கையில் திரும்ப வைக்கப்பட்டது. உறவினர் வருகிறாராம். ஒரு கடுஞ்சொல் இல்லை. மோர்கூடக் கொடுத்தார்கள், தனிக் குவளையில். அடுத்த மூன்று வீடுகளிலும் கேள்வி மாறவில்லை, விடையும் மாறவில்லை.

பிறகு என் தாய்மாமன் வீட்டில் தங்கினேன். மாமனார் நல்லவர். ஆனால் ஒரே அறையில் ஆறு பேர், நான் ஏழாமவன். இரவில் விளக்கெரிந்தால் குழந்தைகள் உறங்கா. விளக்கணைந்தால் நான் படிக்க இயலாது. தெருவிளக்கின் அடியில் படித்துப் பெரியோரானவர்களின் கதைகளை மேடைகளில் கேட்கின்றோம். நானும் சில வாரம் அவ்வாறு முயன்றேன். கொசுவும் நாயும் பற்றி அக்கதைகளில் எவரும் சொல்வதில்லை. முதலாண்டு நிறைவுறும் முன்பே ஊர் திரும்பினேன்.

இது என் ஒருவன் கதையாயின் உங்கள் நேரத்தைக் கவர்ந்திரேன். அண்ணல் அம்பேத்கர் அவர்களின் வாழ்வை, அவர் பெற்ற பட்டங்களைக் கொண்டு அளப்பது நம் வழக்கம். அவர் தங்கிய அறைகளைக் கொண்டு ஒருமுறை அளந்து பாருங்கள். பம்பாய்ப் பரேல் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பில், அடுப்பும் விறகும் பாத்திரமும் நிறைந்த ஒரே அறை. மகன் முதலில் உறங்குவார். தந்தை இராம்ஜி விழித்திருந்து இரவு இரண்டு மணிக்கு அவரை எழுப்பிவிட்டுத் தாம் படுப்பார். ஒரே இடத்தை இருவர் முறைவைத்துப் பயன்படுத்தினர். அதன்பின் நகர அபிவிருத்திக் கழகக் குடியிருப்பில் எதிரெதிராக இரண்டு அறைகள் கிடைத்தன. குடும்பம் ஒன்றில் வாழ, மற்றொன்றைப் படிப்பிற்கென்று ஒதுக்கினார்கள். நெருக்கடி மிகுந்த ஏழைக் குடும்பம் செய்த அந்த ஒதுக்கீட்டை எண்ணி வியக்கின்றேன்.

1913இல் நியூயார்க் சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கு நவல் பதேனா என்னும் பார்சி இளைஞர் அறைத்தோழரானார். அந்நட்பு வாழ்நாள் முழுதும் நீடித்தது. ஆனால் 1917 செப்டம்பரில் பரோடா அரசுப் பணிக்கு வந்தபோது, அந்நகரில் அவருக்குத் தங்க இடமில்லை. பார்சிகள் மட்டுமே தங்கும் விடுதியொன்றில், பதிவேட்டில் ஒரு பார்சிப் பெயரை எழுதி, நாளொன்றுக்கு ஒன்றரை ரூபாய் கொடுத்து மாடியில் தங்கினார். உடைந்த நாற்காலிகளும் பலகைகளும் குவிந்த பெருங்கூடம். இரவில் ஒரு சிறு அரிக்கேன் விளக்கு. சுற்றிப் பறக்கும் வௌவால்கள். அமைதியான இடந்தான். அப்படிப்பட்ட அமைதி எந்த மாணவனுக்கும் வேண்டாம். அங்கும் அவர் படித்துக்கொண்டேதான் இருந்தார். பதினோராம் நாள் தடிகளுடன் பன்னிருவர் வந்து வெளியேறச் சொன்னார்கள். இந்து நண்பர் ஒருவரையும் கிறித்தவ நண்பர் ஒருவரையும் நாடினார். இருவரும் இடம்தர இயலவில்லை. பூங்காவில் காத்திருந்து, இரவு ஒன்பது மணி இரயிலில் பம்பாய் திரும்பினார். விரட்டியவரும் பார்சிகள், அறையைப் பகிர்ந்தவரும் பார்சி. ஆதலின் ஏதேனும் ஒரு சமயத்தார்மேல் பழிபோட்டுவிட்டு நாம் நகர்ந்துவிட முடியாது.

இலண்டனில் 1921-22இல் அவர் வாடகைக்கு இருந்த கிங் ஹென்றி சாலை வீட்டை 2015இல் மகாராட்டிர அரசு விலைகொடுத்து வாங்கி நினைவகமாக்கியது. அது மகிழ்ச்சியே. ஆனால் நான் பெரிதாக மதிப்பது வேறொன்று. 1924இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையை நிறுவிய அண்ணல், அடுத்த ஆண்டே சோலாப்பூரில் மாணவர் விடுதி திறக்கச் செய்தார். இடமின்மையின் வலியை அறிந்தவர் முதலில் எதில் கைவைத்தார் பாருங்கள்! நம் சிதம்பரத்திலும் சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் பள்ளியைத் தொடங்கி, கல்வியோடு உண்டியும் உறையுளும் சேர்த்தே எண்ணினார்.

இன்று நிலை முழுதும் மாறிவிட்டதா? நம் மாவட்டப் பிள்ளைகள் நாடும் பாரதிதாசன் பல்கலைக்கழகம் 1982இல் தோன்றியது. திருச்சி – புதுக்கோட்டை நெடுஞ்சாலையிலேயே இருக்கின்றது. ஆதலால் ‘பேருந்தில் போய் வந்தால் போதுமே’ என்கிறோம். சிற்றூரிலிருந்து புதுக்கோட்டைக்கு ஒரு பேருந்து, அங்கிருந்து மற்றொன்று. மாலையில் மறுபடியும் இரண்டு. ஆராய்ச்சி மாணவிக்கு நூலகத்தில் அமர ஒரு மணி நேரம்தான் மிஞ்சும். அறை தேடினாலோ, ‘எந்தத் தெரு’ என்ற கேள்வி இப்போது ‘சைவமா’ என்று கேட்கக் கற்றுக்கொண்டிருக்கிறது. டில்லிப் பகுதியில் சுகதேவ் தோரட் முதலிய அறிஞர்கள் ஆராய்ந்து 2015இல் வெளியிட்ட கட்டுரையும் வாடகை வீட்டில் சாதி பார்க்கப்படுவதை மெய்ப்பித்தது.

இளைஞர்களுக்குச் சில சொற்கள். பகலில் மட்டும் அறையைப் பார்க்காதீர்கள். இரவு எட்டு மணிக்கும் போய்ப் பாருங்கள். பட்டறை, திருமண மண்டபம், ஒலிபெருக்கி எல்லாம் அப்போதுதான் காதில் விழும். மின்கட்டணம் எவ்வளவு, தண்ணீர் எந்நேரம் என்று முன்னரே கேளுங்கள். 2019 பிப்ரவரி முதல் நடப்பிலுள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருத்தல் வேண்டும். வாய்ச்சொல்லை நம்பி முன்பணம் தராதீர்கள். முனைவர் பட்டத்திற்குத் தேசிய உதவித்தொகை பெறும் ஆதிதிராவிட மாணவர்க்கு, விடுதி கிட்டாதவிடத்து வீட்டு வாடகைப் படி உண்டு. கேட்காமலே விட்டவர்களை நான் அறிவேன். ஊரிலிருக்கும் நாள்களில் திருக்கோகர்ணம் ஞானாலயா நூலகத்தை மறவாதீர்கள். அறையில்லாதவனுக்கு நூலகமே அறை.

சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் பரிசும் குறிப்பேடும் வழங்குகின்றோம். அவற்றைச் சற்றுக் குறைத்தேனும் மாத்தூர், கீரனூர்ப் பக்கம் ஒரு வீட்டைச் சங்கத்தின் பெயரிலேயே வாடகைக்கு எடுப்போம். நம் பிள்ளை தனியாக வாசலில் நின்று தெருப்பெயர் சொல்ல வேண்டியதில்லை; சங்கத்தின் செயலாளர் நின்று சொல்லட்டும். நான்கு பேர் தங்கினால் போதும். அதில் மாணவியர்க்குத் தனி ஏற்பாடு வேண்டும். தொலைக்காட்சிப் பெட்டி வேண்டாம். ஆளுக்கொரு மேசை வேண்டும்.

முன்பணத்திற்கு என் பங்காக ஒரு மாதச் சம்பளத்தைப் பொருளாளரிடம் இன்று ஒப்படைத்திருக்கிறேன். வரும் ஞாயிறு வீடு பார்க்கப் புறப்படுகிறேன். உடன்வர விரும்புவோர் காலை ஏழு மணிக்குப் புதுக்கோட்டைப் புதிய பேருந்து நிலையத்தில், திருச்சிப் பேருந்துகள் நிற்குமிடத்திற்கு வந்துவிடுங்கள்.