ஒத்துக்காரர்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



மேளத்தின் பெருமையைப் பேசுவோர் நாகஸ்வரத்தையும் தவிலையும் புகழ்ந்து முடித்துவிடுகின்றனர். நாம் இன்று பேச எடுத்துக்கொண்டது அவ்விருவருக்கும் பின்னால் நின்றவரைப் பற்றி.

ஒத்து, தோற்றத்தில் நாகஸ்வரத்தையே போன்றது. சீவாளியும் உண்டு, அணைசும் உண்டு. விரல் ஓட்டும் துளைகள் மட்டும் இல்லை. அடியிலுள்ள சில துளைகளை மெழுகால் அடைத்தும் திறந்தும் சுருதி சேர்த்துவிட்டால், பின்பு இரவு முழுதும் அந்த ஒரே ஸ்வரந்தான். அதில் என்ன வித்தை என்று கேட்போர் ஒரு நாழிகை ஊதிப் பார்க்கட்டும்! நாகஸ்வரக்காரர் இடையில் நிறுத்தி மூச்சு வாங்கலாம். தவில்காரர் வியர்வை துடைக்கலாம். ஒத்துக்காரருக்கு ஓய்வே கிடையாது. கன்னத்தில் நிறைத்த காற்றைக் குழலுக்குள் செலுத்திக்கொண்டே மூக்கால் மூச்சை உள்ளிழுக்க வேண்டும். ஸ்காட்லாந்து தேசத்துப் பைக்குழல்காரருக்கு இவ்வேலையைத் தோற்பை செய்கிறது. அதைக் கையால் அணைத்து அமுக்கினால், தோளில் சாய்ந்த மூன்று குழல்களும் ரீங்காரம் செய்யும். நம் நாட்டிலும் சுருதிக்கென ஆட்டுத்தோற் பை வாத்தியம் இருந்ததுண்டு. ஒத்துக்காரருக்கோ கன்னமே பை. ஸ்வாமி நான்கு வீதியும் சுற்றி வரும்வரை அந்தப் பை வற்றலாகாது.

இவ்வளவு உழைத்தவருக்கு உலகம் அளித்த பரிசு ஒரு வசைமொழி. சுயபுத்தியின்றி ஆமாம் போடுகிறவனை ‘ஒத்து ஊதுகிறான்’ என்கிறார்கள். ஒத்து ஓர் இழை பிசகினால் தோடி எங்கே நிற்கும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்ததில்லை.

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) ஒத்துக்குப் பதிலாகத் தம்புராவை வைத்துக்கொண்டார். பின்னர்ச் சுருதிப் பெட்டி வந்தது. அதன்பின் மின்சாரப் பெட்டி. பெட்டிக்கு மூச்சு இளைக்காது. அது பங்கு கேட்பதில்லை. ரயில் சத்தமும் வேண்டாம். பிள்ளையவர்களைக் குறைகூற நாம் வரவில்லை. தம்புராவின் இனிமை ஒத்துக்கு இல்லை என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும்.

ஆனால், ஒத்து ஒரு பள்ளிக்கூடமாகவும் இருந்தது. குருவின் பின்னால் ஷட்ஜத்தைப் பிடித்து நின்ற சிறுவனுக்குக் கேட்பதைத் தவிர வேறு வேலை இல்லை. வாசிக்கத் துடிக்கும் பிள்ளைக்கு அதைவிட நல்ல கட்டுப்பாடு வேறென்ன? இன்று அவன் குழலைத்தான் முதலில் எடுக்கிறான். சுருதி பிசகினால் பெட்டியைக் குறைகூறுகிறான்.

அடுத்த ஆண்டு விழா மேளத்திலேனும் ஓர் ஒத்து ஒலிக்க வேண்டுமென்பது நம் விருப்பம். பரணில் ஒத்து வைத்திருப்போரும், ஊத முன்வரும் பிள்ளைகளும் இக்கூட்டம் கலைவதற்குள் காரியதரிசியிடம் பெயர் கொடுக்க வேண்டுகிறோம்.