இடமே உருபாகும் மொழி



ஆங்கில இலக்கணம் என்றதும் பலர்க்குப் பள்ளிக்கூடத்துப் பிரம்புதான் நினைவுக்கு வரும். அந்த அச்சத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, மொழியியலார் நோக்கில் அம்மொழியின் தொடரமைப்பைக் காண்பது கவிஞர்க்குப் பயன் தரும். மொழிபெயர்ப்பில் கைவைத்தவர்க்கோ அது இன்றியமையாதது.

'புலி மானைக் கொன்றது' என்றாலும், 'மானைக் கொன்றது புலி' என்றாலும், 'கொன்றது புலி மானை' என்றாலும் இறந்தது மான்தான். ஐ என்னும் உருபு அதற்குக் காவல் நிற்கிறது. ஆங்கிலத்தில் 'தி டைகர் கில்டு தி டீர்' என்பதில் இரு பெயர்களையும் இடம் மாற்றினால் மான் புலியைக் கொன்றுவிடும்! வினைக்கு முன் நிற்பது எழுவாய். பின் நிற்பது செயப்படுபொருள். அங்கே இடமே உருபு.

இந்நிலை பிறவியிலேயே வந்ததன்று. ஏறத்தாழ 1100 வரை வழங்கிய பழைய ஆங்கிலத்தில் வேற்றுமை வடிவங்கள் செழித்திருந்தன. அரசன் எழுவாயாயின் 'சே கினிங்'. செயப்படுபொருளாயின் 'தொனே கினிங்'. எனவே சொற்களை முன்பின்னாக வைக்க இடமிருந்தது. ஆனால் சொல்லின் முற்பகுதியில் அழுத்தம் விழுந்தமையால் ஈற்றசைகள் மெல்ல மங்கின. உருபுகள் தேயத் தேயச் சொல்வரிசை இறுகியது. 1500 அளவில் பெயர்ச்சொல்லில் எஞ்சியவை பன்மையீறும் உடைமையீறுமே. 'ஹீ', 'ஹிம்' போன்ற மூவிடப்பெயர்களில்தான் பழைய வேற்றுமையின் சுவடு இன்றும் தெரிகிறது.

இம்மாற்றத்தின் நடுவே நிகழ்ந்த ஒன்று தமிழர் செவிக்கு மிக நெருக்கமானது. இன்று 'ஐ லைக்' என்று எழுவாயாக நிற்பவன், பழைய ஆங்கிலத்தில் 'எனக்குப் பிடிக்கிறது' என்பதுபோல நான்காம் வேற்றுமையில் நின்றான். பிடித்த பொருளே அன்று எழுவாய். வினைக்கு முன் நிற்பதெல்லாம் எழுவாய் என்ற பழக்கம் வலுத்தபோது, முன்னே நின்ற 'எனக்கு' என்பது காலப்போக்கில் 'நான்' ஆயிற்று. ஷேக்ஸ்பியர் நாடகங்களில் வரும் 'மீதிங்க்ஸ்' என்ற சொல்லில் அந்தப் பழைய 'எனக்குத் தோன்றுகிறது' உறைந்து கிடக்கிறது.

எழுவாயிடம் வெறுமையாக இருப்பதை இன்றைய ஆங்கிலம் பொறுப்பதில்லை. மழை பெய்தால் 'இட் ரெயின்ஸ்'. பெய்வது எது என்று கேட்டால் விடையில்லை. அந்த 'இட்' ஆள் இல்லாத நாற்காலியில் போட்ட துண்டு.

இத்தகைய மொழியை இலத்தீன் இலக்கணச் சட்டகத்துக்குள் அடைக்கப் பாடுபட்டோர் பலர். தொடரின் இறுதியில் முன்னிடைச்சொல் நிற்பதை 1672இல் டிரைடன் பென் ஜான்சனிடம் குறையாகக் கண்டார். பின்பு தம் கட்டுரையொன்றை 1684இல் மறுபதிப்புச் செய்கையில், தம்முடைய தொடர்களையே அவ்வாறு திருத்திக்கொண்டார். 1762இல் புகழ்பெற்ற ஆங்கில இலக்கணம் எழுதிய ராபர்ட் லௌத், அதற்குமுன் ஆக்ஸ்போர்டில் கவிதைப் பேராசிரியராக இருந்தவர் என்பது இந்த அவைக்கு உவப்பான செய்தி. விதி வகுத்தவர் என்று ஏசப்படும் அவரும் அவ்வழக்கை முற்றாக விலக்கவில்லை. உயர்ந்த நடைக்கு மற்றதே பொருந்தும் என்ற அளவில் நின்றார். வழிவந்த பள்ளிநூல்களே அதை விலக்காக்கின.

இருபதாம் நூற்றாண்டு மொழியியலார் விதி வகுப்பதை விட்டு, உள்ளதை விளக்க முற்பட்டனர். 1933இல் புளூம்ஃபீல்டும் 1957இல் சாம்ஸ்கியும் வெளியிட்ட நூல்களுக்குப் பின், தொடர் என்பது மணிகளைக் கோத்த சரம் அன்று, கிளைவிட்ட மரம் என்ற கருத்து வேரூன்றியது. 'ஓல்டு மென் அண்ட் விமன்' என்பதில் முதுமை ஆடவர்க்கு மட்டுமா, பெண்டிர்க்கும் சேர்த்தா? சொற்கள் அவையே, வரிசையும் அதுவே. கிளை பிரியும் இடம்தான் வேறு. 'முதிய ஆடவரும் பெண்டிரும்' என்னும் தமிழிலும் இதே மயக்கம் உண்டு.

இனி மொழிபெயர்ப்பு. 'மானைக் கொன்றது புலி' என்று கவிஞன் புலியை இறுதிக்குத் தள்ளி அடியை முடித்தால், அவ்வரிசையை ஆங்கிலத்தில் அப்படியே வைக்க இயலாது. 'தி டீர் வாஸ் கில்டு பை தி டைகர்' என்று செயப்பாட்டுவினைக்கு மாற வேண்டும். அல்லது 'இட் வாஸ் தி டைகர்' என்று தொடங்கித் தொடரைப் பிளக்க வேண்டும். உருபு இல்லாத மொழி மானை முன்னே கொணரச் செலுத்தும் விலை அது.

அந்த விலையைத் தமிழும் செலுத்துவதுதான் வருத்தம். ஆங்கிலத்திலிருந்து பெயர்ப்போர் 'புலியால் மான் கொல்லப்பட்டது' என்று எழுதிவிடுகின்றனர். செய்தவன் யார் என்று தெரியாதபோதும், சொல்ல விரும்பாதபோதும் 'படு' வேண்டுவதே. இங்கோ புலி கண்முன் நிற்கிறது. மானை முன்வைப்பது மட்டுமே நோக்கமாயின் 'மானைப் புலி கொன்றது' என்ற மூன்று சொற்கள் போதும்.