கோப்பையை முதலில் வாங்கிய கை



இங்கிலாந்தின் எஃப்.ஏ. கால்பந்துக் கோப்பையைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். இரண்டு கைப்பிடி வைத்த வெள்ளிக் கோப்பை. உற்றுப் பார்த்தால் அதன் உடலில் திராட்சைக் கொடி படர்ந்திருக்கும். இந்த வடிவத்தை 1911-இல் செய்து கொடுத்தது பிராட்போர்டு நகரத்து ஃபட்டோரினி நிறுவனம். அதே ஆண்டு அதே ஊர் அணியே அதை வென்றது. முதன்முதலாகக் கையில் வாங்கிய அணித்தலைவர் ஒரு ஸ்காட்லாந்துக்காரர், ஜிம்மி ஸ்பியர்ஸ். இன்று அவரைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

கிளாஸ்கோவில் கப்பல் கட்டும் தளங்கள் நிறைந்த கோவன் பகுதியில் 1886-இல் பிறந்தவர். ரேஞ்சர்ஸ் அணியிலும் பிறகு கிளைடு அணியிலும் ஆடினார். 1908-இல் வேல்ஸுக்கு எதிராக ஸ்காட்லாந்து சட்டையை ஒரே ஒருமுறை அணிந்தார். மறு ஆண்டு பிராட்போர்டு சிட்டிக்கு வந்து சேர்ந்தார்.

பிராட்போர்டு கம்பளி ஆலைகளின் ஊர். ரக்பி ஆடிக்கொண்டிருந்த ஒரு சங்கம் 1903-இல் கால்பந்துக்கு மாறியது. அதுதான் இந்த அணி. எட்டே ஆண்டுகளில் இறுதிப் போட்டி! எதிரே நின்றதோ அந்நாளைய ஜாம்பவான் நியூகாசில் யுனைடெட். லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த ஆட்டத்தில் யாரும் கோல் போடவில்லை. நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 26, மான்செஸ்டர் ஓல்டு டிராஃபோர்டில் மறு ஆட்டம். சுமார் கால் மணி நேரம் ஆகியிருக்கும். கோல் முன்னே வீரர்கள் முண்டியடிக்க, பந்து ஸ்பியர்ஸின் தலையில் பட்டு உள்ளே போனது. அந்த ஒரு கோலே கடைசிவரை நின்றது. பிராட்போர்டு சிட்டி வென்ற ஒரே பெரிய கோப்பை இன்றுவரை அதுதான். அன்று களமிறங்கிய பதினொருவரில் எட்டுப் பேர் ஸ்காட்லாந்துக்காரர்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தின் அணிகள் அந்தக் காலத்தில் நல்ல ஆட்டக்காரர்களைத் தேடி வடக்கேதான் போயின.

1912-இல் பக்கத்து ஊர் அணியான லீட்ஸ் சிட்டி ஸ்பியர்ஸை 1,400 பவுண்டு கொடுத்து எடுத்துக்கொண்டது. அன்றைக்கு அது பெருந்தொகை. அங்கே மேலாளர், பின்னாளில் ஆர்சனல் அணியைத் தூக்கி நிறுத்திய ஹெர்பர்ட் சாப்மன்.

பிறகு முதல் உலகப் போர் வந்தது. 1915-இல் ஆட்டங்கள் நின்றதும் ஸ்பியர்ஸ் கிளாஸ்கோவுக்குத் திரும்பி, கேமரன் ஹைலேண்டர்ஸ் படையில் பெயர் கொடுத்தார். கட்டாய ராணுவச் சேவை அப்போது வரவில்லை. வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகள். வயது இருபத்தொன்பது. யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை, அவராகவே போனார். என் மனம் திரும்பத் திரும்ப வந்து நிற்பது அந்த இடத்தில்தான்.

சார்ஜென்ட் ஆனார். 1917-இல் அராஸ் போர்முனையில் காட்டிய துணிச்சலுக்கு ராணுவப் பதக்கம் பெற்றார். அதே ஆண்டு ஆகஸ்ட் 20 அன்று, பெல்ஜியத்தின் பாஷண்டேல் சேற்றில் உயிர் பிரிந்தது. வயது முப்பத்தொன்று.

டோக்கி ஃபார்ம் என்ற இடத்துப் போர்க் கல்லறைத் தோட்டத்தில் அவரைப் புதைத்திருக்கிறார்கள். அங்கே 1,400-க்கும் மேற்பட்ட கல்லறைகள். அவற்றில் பெரும்பாலானவை யாருடையவை என்றே தெரியாதவை. ஸ்பியர்ஸின் கல்லில் அவர் பெயர் இருக்கிறது.