கேட்டவர் யார்?
அயோத்திதாசர் நினைவுச் சொற்பொழிவு



பண்டிதர் நினைவாகப் பேச அழைத்த அமைப்பாளர்களுக்கு நன்றி. 1907இல் அவர் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கிய இராயப்பேட்டை, நாம் கூடியிருக்கும் இந்த மயிலாப்பூருக்குப் பக்கத்து ஊர்தான்.

நான் அடையாற்றங்கரைக் குடிசையில் வளர்ந்தவன். பள்ளி நாட்களில், வெளிநாட்டுத் திருச்சபை ஒன்றிலிருந்து இருபது இளைஞர்கள் எங்கள் தெருவுக்குத் தொண்டு செய்ய வந்தார்கள். பத்து நாள் இருந்தார்கள். பால்வாடிச் சுவருக்கு நீல பெயின்ட் அடித்தார்கள், பாட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள், எங்களைத் தூக்கிவைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். அன்புக்குக் குறையில்லை. ஆனால் எங்கள் தெருவிலேயே ஆறு பெயின்டர்கள் இருந்தார்கள். அன்றைக்கு வேலை கிடைக்காதவர்கள் வாசலில் உட்கார்ந்து அதை வேடிக்கை பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் என் அப்பா.

எங்களுக்குத் தேவைப்பட்டது பட்டா. என்ன வேண்டும் என்று எங்களை யாரும் கேட்கவில்லை. 2015 வெள்ளத்துக்குப் பிறகு எங்களைப் பெரும்பாக்கத்துக்குக் கொண்டுபோய் இறக்கினார்கள். நீலச் சுவர் குடிசைகளோடு இடிபட்டது.

கடல் கடந்து தொண்டுக்கு வருவதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. இதே அடையாற்றில் ஒரு நூற்றாண்டுக்கும் முன்பு நடந்ததைப் பாருங்கள். அமெரிக்கரான கர்னல் ஆல்காட் பாதிரியார் அல்லர். பிரம்மஞான சபையின் தலைவர். 1894இல் ஊரூரில் பஞ்சமர் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி திறந்தார். பிறகு கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் என்று பள்ளிகள் பெருகின. அமெரிக்காவிலிருந்து வந்த பாமர் அம்மையார் அவற்றை மேற்பார்வையிட்டார். நம் ஆசிரியர்களுக்கும் பயிற்சி கொடுத்தார். பத்து நாள் பயணமாக அவர் வரவில்லை; தங்கி உழைத்தார். பெசன்ட் நகரில் ஆல்காட் நினைவுப் பள்ளி இன்றும் நடக்கிறது.

இந்தக் கதையை நாம் வழக்கமாக 1894இல் தொடங்குகிறோம். அது 1892இல் தொடங்க வேண்டும். அந்த ஆண்டு சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் பண்டிதர் எழுந்து, நம் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளியும் நம் மக்களுக்குத் தரிசு நிலமும் வேண்டும் என்று கேட்டார். கேட்டவர் நம்மவர். பள்ளி வந்தது பிறகு. ஆனால் ஊர் நினைவில் நிற்பது திறந்தவர் பெயர். கேட்டவர் பெயரைக் கூட்டம் போட்டு நாமேதான் சொல்லவேண்டியிருக்கிறது.

கொடுத்தவருக்கு ஓர் எல்லையும் இருந்தது. நம் பிள்ளைகளை மேற்படிப்புக்கு அனுப்புவது ஆல்காட்டின் திட்டத்தில் இல்லை. வாழ்க்கைக்கு உதவும் எழுத்தும் கணக்கும் போதும் என்றே நினைத்தார். அந்த எல்லையைத் தாண்டியது நம்மவர் முயற்சி. 1898இல் பண்டிதரும், பஞ்சமர் பள்ளி ஆசிரியரான கிருஷ்ணசாமியும் ஆல்காட்டுடன் கொழும்புக்குக் கப்பலேறினார்கள். அங்கே சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றார்கள். தொண்டு பெறுகிற சனம் என்று எழுதப்பட்டவர்கள், தங்கள் சமயம் எது என்பதைத் தாங்களே முடிவு செய்யக் கடல் கடந்தார்கள். திரும்பிவந்து இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்டார்கள்.

இன்று நம் பிள்ளைகளும் திருச்சபை வழியாக வெளிநாட்டுக்குத் தொண்டுக்குப் போகிறார்கள். போங்கள், தம்பி தங்கைகளே. போகுமுன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: அந்த ஊர் மக்கள் என்ன கேட்டிருக்கிறார்கள்? அங்கேயும் வாசலில் ஒரு பெயின்டர் உட்கார்ந்திருப்பார். அவர் கையிலிருந்து பிரஷ்ஷை வாங்காதீர்கள். அவர் பட்டா கேட்கும்போது பக்கத்தில் நில்லுங்கள்.

இங்கே வரும் திருச்சபைகளிடமும் நமக்குச் சொல்ல ஒன்று உண்டு. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி உரிமையை மதத்தோடு கட்டியது. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் அந்தக் கட்டு அவிழ்ந்தது. தலித் கிறித்தவருக்கும் தலித் முஸ்லிமுக்கும் இன்னும் அவிழவில்லை. இது எங்கள் மக்கள் பல்லாண்டாகக் கேட்டுவருவது. சுவருக்கு நாங்களே பெயின்ட் அடித்துக்கொள்வோம். இந்தக் கோரிக்கைக்குக் குரல் கொடுங்கள்.