பத்து இலையும் ஒரு கையெழுத்தும்



கரமனை எல்லோருக்கும் தெரிந்த ஊர். திருவனந்தபுரம் நகரத்தின் ஒரு பகுதி. இங்கே தமிழும் கேட்கும். மலையாளமும் கேட்கும். பக்கத்தில் ஆறு ஓடுகிறது. அதன் பெயரும் கரமனை ஆறுதான்.

இந்த ஆறு எங்கே பிறக்கிறது? அகத்தியர் மலைப் பகுதியில் பிறக்கிறது. பேப்பாறை, அருவிக்கரை வழியாக இறங்கி வருகிறது. கரமனையைத் தாண்டுகிறது. திருவல்லம் பக்கம் போய்க் கடலில் சேருகிறது.

ஆறு பிறக்கும் மலைநாட்டில் காணி மக்கள் வாழ்கிறார்கள். காட்டில் எது உணவு, எது மருந்து, எது விஷம் என்று அவர்களுக்குத் தெரியும். ஆற்றின் கீழே, நகரத்தில் வாழ்பவர்களுக்கு அது மறந்து வருகிறது. மறந்ததைத் திரும்பக் கற்றுக்கொள்ள முடியுமா? முடியும். அதற்குத்தான் காட்டுக்கீரைப் பயிற்சி. அதில் சேருவது எப்படி? சேரும் முன் எதைக் கேட்க வேண்டும்? இந்தப் பேச்சு அதைப் பற்றியது.

பத்து இலைக் கறி

ஆடி மாதத்தை மலையாளத்தில் கர்க்கடகம் என்பார்கள். அடைமழை பெய்யும் மாதம். அந்தக் காலத்தில் வேலை கிடைக்காது. வீட்டில் நெல் தீர்ந்திருக்கும். அதனால் அதைப் பஞ்ச மாதம் என்றார்கள்.

ஆனால் அதே மழையில் வேலி ஓரம் எல்லாம் பச்சை தழைக்கும். பெண்கள் அதைப் பறித்து வந்து சமைத்தார்கள். பத்து வகை இலை சேர்த்துச் சமைப்பது கேரளத்தின் பழைய வழக்கம். அதற்குப் 'பத்திலை' என்று பெயர்.

அந்தப் பத்து எவை? இடத்துக்கு இடம் மாறும். சேம்பு இலை, தகரை, மூக்கிரட்டை, பூசணி இலை, பரங்கி இலை, வெள்ளரி இலை, சேனை இலை, முள்ளுக்கீரை ஆகியவை பல ஊர்களில் உண்டு. காஞ்சொறி வகை ஒன்றும் அதில் சேரும். தொட்டால் அரிக்கும் செடி அது. அதையும் பக்குவமாகச் சமைத்தார்கள்.

இதற்குக் காசு வேண்டாம். கீரையில் இரும்புச் சத்து இருக்கிறது. கண்ணுக்கு நல்ல சத்தும் இருக்கிறது. ஏழை வீட்டுக்கு வேலிதான் கடை. ஆனால் அந்தக் கடையில் விலைச் சீட்டு இல்லை. பெயர்ச் சீட்டும் இல்லை. தெரிந்தவர் சொன்னால்தான் தெரியும்.

மலையில் நடந்தது

இது கதை அல்ல. நடந்தது.

1987ஆம் ஆண்டு. விஞ்ஞானிகள் சிலர் அகத்தியர் மலைக்குச் செடிகளைப் பற்றி அறியப் போனார்கள். டாக்டர் புஷ்பாங்கதன் அந்தக் குழுவின் தலைவர். வழி காட்டக் காணி இளைஞர்கள் கூட வந்தார்கள்.

மலை ஏற ஏற விஞ்ஞானிகள் களைத்துப் போனார்கள். காணி இளைஞர்கள் களைக்கவில்லை. நடக்கும்போது ஏதோ சிறிய காய்களைத் தின்றுகொண்டே நடந்தார்கள். "அது என்ன?" என்று விஞ்ஞானிகள் கேட்டார்கள். இளைஞர்கள் முதலில் சொல்லத் தயங்கினார்கள். அது அவர்கள் குலத்தின் ரகசியம். பிறகு காட்டினார்கள். அந்தச் செடிக்கு ஆரோக்கியப் பச்சை என்று பெயர் வந்தது.

பாலோட்டில் ஒரு தாவரவியல் தோட்டம் இருக்கிறது. அது ஆராய்ச்சி நிலையமும் கூட. அங்கே அந்தச் செடியை ஆராய்ந்தார்கள். அதை மற்ற மூலிகைகளுடன் சேர்த்து 'ஜீவனி' என்ற மருந்தைச் செய்தார்கள். ஒரு மருந்து நிறுவனம் அதைத் தயாரிக்கும் உரிமையை வாங்கியது. அதற்குப் பத்து லட்சம் ரூபாய் கொடுத்தது. அதில் பாதி காணி மக்களுக்கு என்று முடிவானது. அந்தப் பணத்தை வாங்க 1997இல் காணி மக்களின் பெயரில் ஓர் அறக்கட்டளை உண்டானது.

உலகம் முழுவதும் இதைப் பற்றிப் பேசினார்கள். அறிவைக் கொடுத்தவருக்கும் பங்கு உண்டு என்று இது காட்டியது. ஆனால் சிக்கலும் வந்தது. செடிக்கு விலை வந்தால் அதை வேரோடு பிடுங்கவும் ஆள் வரும். காட்டில் செடி அழிந்துவிடுமோ என்ற பயம் வந்தது. வனத்துறை தடை சொன்னது.

இதில் இரண்டு பாடங்கள் உண்டு. ஒன்று, கற்றுக் கொடுப்பவருக்கு மரியாதையும் கூலியும் கிடைக்க வேண்டும். இரண்டு, பறிப்பவர் அடுத்த ஆண்டையும் நினைக்க வேண்டும்.

அதே மலை அடிவாரத்தில், கல்லாறு பக்கத்தில் வாழ்பவர் லட்சுமிக்குட்டி அம்மா. காணி இனத்தைச் சேர்ந்த வைத்தியர். விஷக்கடிக்கு மருந்து கொடுப்பவர் என்று பெயர் பெற்றவர். 2018இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது கொடுத்தது. செடியை அறிவதும் படிப்புதான் என்று நாடு ஒப்புக்கொண்டது.

தானாகப் பறித்தால் என்ன?

"கீரைதானே! அதற்கு ஒரு பயிற்சியா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பதிலைப் பாருங்கள்.

செங்காந்தள் அழகான பூ. தமிழ்நாட்டின் மாநில மலர். மலையாளத்தில் மேந்தோன்னி. அதன் கிழங்குக்குக் கலப்பைக் கிழங்கு என்றும் பெயர். பார்த்தால் உண்ணும் கிழங்கு போல இருக்கும். ஆனால் கொடிய விஷம். தவறாகத் தின்றவர்கள் இறந்திருக்கிறார்கள்.

ஒதளங்காய் ஆற்றங்கரையில் காய்க்கும். பச்சை மாங்காய் போலத் தோன்றும். உள்ளே இருக்கும் பருப்பு இதயத்தை நிறுத்திவிடும்.

சேம்பு இலை விஷம் அல்ல. ஆனால் அரைவேக்காடாகத் தின்றால் தொண்டை அரிக்கும். ஊசி போன்ற நுண்ணிய படிகங்கள் அதில் இருக்கின்றன. புளி சேர்த்து நன்றாக வேகவைத்தால் அரிப்பு குறையும்.

நல்ல கீரையும் அளவு மீறினால் கெடுதல் செய்யும். தவசிக்கீரையைக் கேரளத்தில் வேலிச்சீரை என்பார்கள். சமைத்துச் சாப்பிட நல்லது. தைவான் நாட்டில் 1994, 1995ஆம் ஆண்டுகளில் பலர் உடல் மெலிய ஆசைப்பட்டார்கள். இதைப் பச்சையாக அரைத்து, நாள்தோறும் நிறையக் குடித்தார்கள். பலருக்கு நுரையீரல் கெட்டது. சிலர் இறந்தார்கள்.

ஆகவே, செடியை அறிந்தால் மட்டும் போதாது. எந்தப் பகுதி, எவ்வளவு, எப்படிச் சமைப்பது என்பதும் தெரிய வேண்டும்.

ஒரு செடி, இரண்டு பெயர்

கரமனையில் இன்னொரு சிக்கல் உண்டு. இங்கே மொழி இரண்டு. அதனால் செடிக்குப் பெயரும் இரண்டு. தமிழில் மூக்கிரட்டை என்பது மலையாளத்தில் தழுதாமா. தமிழில் வல்லாரை என்பது மலையாளத்தில் முத்திள். பிரமி என்று கேரளத்தில் சொன்னால் நீர்ப்பிரமி. வடநாட்டில் சிலர் வல்லாரையையே பிரமி என்பார்கள்.

அடுத்த வீட்டு அக்கா ஒரு பெயர் சொல்வார். சந்தையில் வேறு பெயர் சொல்வார்கள். காதால் கேட்ட பெயரை மட்டும் நம்பிப் பறிக்கக் கூடாது. செடியைக் கண்ணால் பார்க்க வேண்டும். இலை, தண்டு, பூ மூன்றையும் பார்க்க வேண்டும். தெரிந்தவர் கூட இருந்து, "இதுதான்" என்று சொல்ல வேண்டும்.

இங்கேதான் எழுத்து உதவுகிறது. ஒரு நோட்டு வாங்குங்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு செடி. தமிழ்ப் பெயர் எழுதுங்கள். மலையாளப் பெயரும் எழுதுங்கள். பார்த்த இடத்தையும் மாதத்தையும் எழுதுங்கள். ஓர் இலையைக் காயவைத்து ஒட்டுங்கள். நாளைக்கு உங்கள் பேத்திக்கு அது பாடப் புத்தகம்.

எங்கே கேட்பது?

கரமனையில் கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருக்கிறது. வெள்ளநாட்டில் மித்ரநிகேதன் கிருஷி விஞ்ஞான் கேந்திரம் இருக்கிறது. உழவர்களுக்குப் பயிற்சி தருவது அதன் வேலை. ஊருக்கு ஊர் கிருஷி பவன் உண்டு. குடும்பஸ்ரீ கூட்டத்திலும் கேட்கலாம். "காட்டுக்கீரை பற்றிப் பயிற்சி உண்டா? எப்போது?" என்று கேளுங்கள். இல்லை என்றால் பத்துப் பேர் சேர்ந்து மனுக் கொடுங்கள். பத்துக் கையெழுத்து உள்ள மனுவுக்கு மதிப்பு அதிகம்.

பெயர் கொடுக்கும் முன்

விண்ணப்பத் தாள் தருவார்கள். உடனே கையெழுத்துப் போட வேண்டாம். முதலில் படியுங்கள். புரியாத சொல்லைக் கேளுங்கள். கேட்பது வெட்கம் அல்ல.

இவற்றைக் கேளுங்கள்.

கற்றுக் கொடுப்பவர் யார்? எத்தனை ஆண்டு அனுபவம்?

செடியை நேரில் காட்டுவார்களா? படம் மட்டும் காட்டுவார்களா?

விஷச் செடிகளையும் காட்டுவார்களா? இது முக்கியம்.

எங்கே கூட்டிப் போவார்கள்? அந்த இடத்துக்கு அனுமதி இருக்கிறதா?

கட்டணம் எவ்வளவு? ரசீது உண்டா?

உங்கள் உடல்நிலையையும் சொல்லுங்கள். சிறுநீரகக் கல் உள்ளவர்களுக்குச் சில கீரைகள் ஆகாது. கர்ப்பிணிகளும், தினமும் மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரிடம் கேட்ட பிறகே புதிய இலையைச் சாப்பிட வேண்டும்.

எங்கே பறிக்கக் கூடாது?

சாக்கடை ஓரம் வேண்டாம். நகரத்து ஆற்றங்கரையில் கழிவு சேரும் இடமும் வேண்டாம். அழுக்குத் தண்ணீரில் உள்ள நஞ்சைச் செடி உறிஞ்சிக்கொள்ளும். கழுவினாலும் அது போகாது. மருந்து தெளித்த தோட்டமும் வேண்டாம். பேப்பாறை வனவிலங்குச் சரணாலயத்தில் பறிக்கக் கூடாது. 1972ஆம் ஆண்டின் சட்டம் அதைத் தடுக்கிறது. அங்கே வாழும் பழங்குடி மக்களுக்கு 2006ஆம் ஆண்டின் சட்டம் சில உரிமைகளைத் தந்திருக்கிறது. அது அவர்களின் வாழ்வு. அடுத்தவர் அதை எடுக்கக் கூடாது.

பறிக்கும் இடத்தில் கொஞ்சம் பறியுங்கள். மீதியை விடுங்கள். வேரைத் தொடாதீர்கள்.

ஏதாவது தின்று வாந்தியோ மயக்கமோ வந்தால் காத்திருக்காதீர்கள். 108க்குப் போன் செய்யுங்கள். கைவைத்தியம் செய்து நேரத்தைப் போக்காதீர்கள். தின்ற இலையின் மீதியை மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். எதைத் தின்றார் என்று மருத்துவருக்குத் தெரிவது நல்லது.

கையெழுத்தின் மதிப்பு

1991 ஏப்ரல் 18 அன்று கோழிக்கோட்டில் பெரிய கூட்டம் நடந்தது. கேரளம் முழு எழுத்தறிவு பெற்றதாக அங்கே அறிவித்தார்கள். அறிவித்தவர் மந்திரி அல்ல. சேலக்கோடன் ஆயிஷா என்ற பெண். முதிர்ந்த வயதில் எழுத்துக் கற்றவர்.

அவர் கற்றது எழுத்து. எழுத்து வந்த பிறகு மற்ற படிப்புக்கும் வாசல் திறக்கிறது. காட்டுச் செடியின் படிப்பும் அப்படித்தான். மலையில் உள்ளவர் படித்ததை நோட்டில் எழுதாமல் நினைவில் வைத்தார். கீழே உள்ளவர் நினைவில் இல்லாததை நோட்டில் எழுதிக் காக்கலாம். இரண்டும் சேர்ந்தால் அறிவு அழியாது.

விண்ணப்பத்தின் கடைசியில் ஒரு கோடு இருக்கும். அங்கே விரல் ரேகை வேண்டாம். படித்துப் பார்த்து, கேட்க வேண்டியதைக் கேட்டு, உங்கள் பெயரை எழுதுங்கள்.



கூடிப் பேசுங்கள்

1. உங்கள் வீட்டு வேலியில் உள்ள எத்தனை செடிகளின் பெயர் உங்களுக்குத் தெரியும்?

2. அந்தச் செடிகளுக்கு மலையாளத்தில் என்ன பெயர்?

3. உங்கள் பாட்டி சமைத்து, இப்போது யாரும் சமைக்காத கீரை எது?

4. அதைத் தெரிந்தவர் இன்னும் யார் இருக்கிறார்? இந்த வாரமே போய்க் கேட்க முடியுமா?